குடியை நிறுத்த உதவும் கூட்டம்: முகவரியிலிருந்து நாற்காலி வரை

நான் முதன்முதலில் கிளம்பிப் போன கூட்டம் நடக்கவே இல்லை. இணையத்தில் கிடைத்த ஒரு பழைய பட்டியலில் முகவரியைப் பார்த்து, மூன்று நாள் யோசித்து, சட்டையை இரண்டு முறை மாற்றிக்கொண்டு போனால், கதவில் பூட்டு தொங்கியது. கூட்டம் வேறு இடத்துக்கு மாறி ஒரு வருடம் ஆகியிருந்ததாம். பட்டியலை யாரும் திருத்தவில்லை. குடிக்கிறவனுக்கு இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? "நான் போனேன், அவர்கள்தான் இல்லை" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்து குடித்தேன். மறுபடி கிளம்ப ஐந்து மாதம் பிடித்தது.

அதனால் இங்கே முகவரி தேடுவதைப் பற்றிக் கொஞ்சமும், முகவரி கிடைத்ததற்கும் உள்ளே போய் நாற்காலியில் உட்காருவதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பற்றி நிறையவும் சொல்கிறேன். நான் தொலைந்தது அந்த நடுவில்தான். பின்னால் கூட்டங்களில் கேட்ட பலருடைய கதையும் அப்படித்தான் இருந்தது.

முதலில் உடம்பைப் பாருங்கள்

தினமும் குடிக்கிறீர்களா? காலையில் கை நடுங்கி, ஒரு வாய் உள்ளே போன பிறகுதான் நடுக்கம் அடங்குகிறதா? அப்படியானால் கூட்டம் தேடுவதற்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். பல காலம் நிறையக் குடித்த உடம்பு, குடி திடீரென்று நின்றால் எதிர்த்துக்கொள்ளும். கடைசியாகக் குடித்துச் சுமார் ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரும். இன்னும் சிலருக்கு இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற நிலை வரலாம். கடும் குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல், தாறுமாறான இதயத் துடிப்பு எல்லாம் சேர்ந்து வரும். சிகிச்சை இல்லையென்றால் அது உயிரையே எடுத்துவிடும்.

"இன்றோடு விட்டேன்" என்று சபதம் போட்டு அறைக்குள் தனியாகப் பூட்டிக்கொள்வது வீரம் மாதிரித் தெரியும். முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்கள் தயவுசெய்து அந்த வீரத்தைச் செய்ய வேண்டாம். இந்த நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க மருந்து உண்டு. தயமின் என்ற வைட்டமினும் கொடுப்பார்கள். மருத்துவரிடம் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நாம் எல்லோரும் பாதியாக்கித்தான் சொல்வோம். ஆனால் அவர் மருந்தின் அளவை முடிவு செய்யும்போது அந்தக் கணக்கையும் பார்ப்பார்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால் அடுத்த வாரக் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ இப்போதே நாடுங்கள், பக்கத்தில் ஒருவரை இருக்கச் சொல்லுங்கள்.

எந்த மாதிரிக் கூட்டம்?

பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டிருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியால் நொந்துபோன ஒரு பங்குச்சந்தைக்காரரும் அதே நிலையில் இருந்த ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. ஒரு குடிநோயாளி இன்னொரு குடிநோயாளியிடம் மனம்விட்டுப் பேசினால் இருவரும் குடிக்காமல் இருக்க முடிகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. இன்று சுமார் 180 நாடுகளில் கூட்டங்கள் நடக்கின்றன. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது, விண்ணப்பம் கிடையாது.

ஏ.ஏ.வின் வழி பன்னிரண்டு படிகள், அதாவது குடியிலிருந்து மீள ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கும் பன்னிரண்டு வழிமுறைகள். அதில் கடவுள் என்ற சொல் வரும். இந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து போனவர்களை எனக்குத் தெரியும், நானும் பாதி எழுந்தவன்தான். "நாம் புரிந்துகொண்டபடி" என்ற சொற்களும் கூடவே வரும். எந்த மதத்தையும் சேராதவர்கள், நம்பிக்கையே இல்லாதவர்கள் பலர் கடவுளுக்குப் பதிலாக அந்தக் கூட்டத்தையே தங்களைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டு வருடக்கணக்காகக் குடிக்காமல் இருக்கிறார்கள். சில ஊர்களில் நம்பிக்கையற்றவர்களுக்கென்றே தனி ஏ.ஏ. கூட்டங்களும் உண்டு.

அதுவும் ஒத்துவரவில்லையா, சரி, வேறு வழிகள் இருக்கின்றன. ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு 1994-இல் தொடங்கியது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையின் உத்திகளை வைத்து, குடிக்கத் தூண்டும் எண்ணத்தை எப்படிக் கையாள்வது என்று பயிற்சி போல நடத்துவார்கள். அங்கே ஆன்மிகப் பேச்சு இருக்காது, குறுக்கே கேள்வி கேட்கலாம். லைஃப்ரிங் என்பதும் மதச்சார்பற்றதுதான். பெண்களுக்கென்று விமன் ஃபார் சொப்ரைட்டி 1975 முதல் இருக்கிறது. கிறிஸ்தவப் பின்னணியில் இயங்கும் ப்ளூ கிராஸ் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது, 1877-இல் ஜெனீவாவில் பிறந்தது. இவை எல்லாம் எல்லா ஊரிலும் இருக்காது. ஆனால் பல அமைப்புகள் இணையத்திலும் கூட்டம் நடத்துகின்றன.

இதெல்லாம் உண்மையிலேயே பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரின் விவரங்களை அலசிப் பார்த்தது. நோயாளியை முறைப்படி ஏ.ஏ.வோடு இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பது என்ற அளவுகோலில் மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தது என்று அந்த அலசல் சொன்னது. எல்லோருக்கும் பலிக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. முயன்று பார்க்கத் தகுந்தது என்று சொல்ல அது போதும்.

தேடும் வழி

பொதுவான தேடலில் ஒரு பொறி இருக்கிறது. "குடியை நிறுத்த உதவி" என்று தேடினால் மேலே வருவது பெரும்பாலும் பணம் வாங்கும் சிகிச்சை மையங்களின் விளம்பரம். அவர்களிலும் நல்லவர்கள் இருக்கலாம், ஆனால் நீங்கள் தேடுவது அது இல்லை. எடுத்த எடுப்பில் காப்பீடு இருக்கிறதா, எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டால் நீங்கள் பேசுவது சுயஉதவிக் குழுவோடு அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

அதனால் அமைப்பின் பெயரையும் உங்கள் நாட்டின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். ஏ.ஏ.வுக்குப் பல நாடுகளில் பொதுச்சேவை அலுவலகமும், பெரிய நகரங்களில் இன்டர்குரூப் என்று சொல்லப்படும் கூட்டு அலுவலகமும் இருக்கும். கூட்டப் பட்டியல் அவர்களுடைய தளத்தில் கிடைக்கும். மீட்டிங் கைடு என்ற இலவசச் செயலியும் இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடுத்த கூட்டம் எங்கே, எப்போது என்று காட்டும். எல்லா ஊர்களின் கூட்டங்களும் அதில் ஏறியிருக்காது. அதில் வரவில்லை என்பதற்காக உங்கள் ஊரில் கூட்டமே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

இணையம் பழக்கமில்லை என்றால் ஆட்களைக் கேளுங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, குடிநோய் சிகிச்சை மையம், அங்குள்ள சமூகப் பணியாளர், உங்கள் குடும்ப மருத்துவர் என்று இவர்களில் யாருக்காவது பக்கத்துக் கூட்டம் தெரிந்திருக்கும். பல கூட்டங்கள் மருத்துவமனை வளாகத்திலோ வழிபாட்டுத் தலத்தின் பக்கத்து அறையிலோ பள்ளிக்கூட அறையிலோ நடக்கும். தேவாலயத்து அறையில் நடப்பதால் அது தேவாலயத்தின் கூட்டம் ஆகிவிடாது. அறையை வாடகைக்கு எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

தொலைபேசியில் ஒரு அழைப்பு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வேலையைச் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். முகவரி கிடைத்த பிறகும் பட்டியலில் இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். பூட்டிய கதவுக்கு முன் நின்றவன் சொல்கிறேன்.

என்ன பேசுவது என்று தெரியாமல்தான் எண்ணை அழுத்திவிட்டுத் துண்டிப்போம். இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்படியே படியுங்கள்: "நான் புதிது. குடியை நிறுத்தப் பார்க்கிறேன். இந்த வாரம் பக்கத்தில் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு? புதியவர் வரலாமா? வாசலில் யாராவது என்னைப் பார்த்துக் கூட்டிப்போக முடியுமா?" பெயர் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை வருடமாகக் குடிக்கிறேன் என்ற கதையும் தேவையில்லை. அந்தப் பக்கம் எடுப்பவர் பெரும்பாலும் ஒரு காலத்தில் இதே மாதிரி நடுங்கிக்கொண்டு பேசியவராகத்தான் இருப்பார்.

நான் இரண்டாம் முறை கிளம்பியபோது பேசியவர், "தம்பி, நீங்க எதுவும் யோசிக்காதீங்க. ஆறே முக்காலுக்கு வாசல்ல நிக்கிறேன், கையில நீலக் கலர் பை இருக்கும்" என்றார். அந்த நீலப் பை இல்லாவிட்டால் நான் வாசலைத் தாண்டி நடந்திருப்பேன். யாரோ ஒருவர் நமக்காக நிற்கிறார் என்றால் போகாமல் இருப்பது கொஞ்சம் கஷ்டமாகிவிடுகிறது.

யாரும் எடுக்கவில்லையா? தன்னார்வலர்கள் வேலைக்கு நடுவே எடுக்கும் எண்கள் அவை. மாலையில் மறுபடி முயலுங்கள், செய்தி அனுப்புங்கள். இரண்டு நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

பட்டியலில் வரும் சொற்கள்

"திறந்த கூட்டம்" என்றால் யாரும் வரலாம். மனைவி, நண்பர், மாணவர், சும்மா தெரிந்துகொள்ள வருபவர் என்று எவரும். "மூடிய கூட்டம்" என்றால் குடிப் பிரச்சினை தனக்கு இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கும் குடியை நிறுத்த விரும்புபவர்களுக்கும் மட்டும். மூடிய கூட்டம் என்ற பெயரைப் பார்த்து, உறுப்பினர் அட்டை கேட்பார்கள் போல என்று நான் பயந்திருக்கிறேன். அப்படி எதுவும் இல்லை. நிறுத்த விருப்பம் இருந்தால் நீங்கள் உள்ளே இருக்க வேண்டியவர்தான். கூட ஒருவரை அழைத்துப் போக நினைத்தால் மட்டும் திறந்த கூட்டமாகப் பாருங்கள்.

பேச்சாளர் கூட்டத்தில் ஒருவரோ இருவரோ தங்கள் கதையைச் சொல்வார்கள், நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். முதல் நாளுக்கு மிகச் சுகமானது அதுதான். படிக் கூட்டத்தில் பன்னிரண்டு படிகளில் ஒன்றை எடுத்துப் பேசுவார்கள். புதியவர் கூட்டம் என்று போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதற்குப் போங்கள். பெண்கள் கூட்டம், இளைஞர் கூட்டம், குறிப்பிட்ட மொழியில் நடக்கும் கூட்டம் என்றும் இருக்கும். மொழி முக்கியம். அலுவலக மொழியில் வேலையைப் பேசலாம், அவமானத்தைப் பேசத் தாய்மொழிதான் வரும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இணையத்தில் தமிழ்க் கூட்டம் இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? எல்லோருக்கும் வரும் கேள்வி. அந்தப் பயம் பெரிதாக இருந்தால் முதல் சில கூட்டங்களுக்கு இரண்டு மூன்று பகுதி தள்ளிப் போங்கள். ஆனால் மிகத் தூரமாகப் போனால் மழை, நெரிசல் என்று தினம் ஒரு காரணம் கிடைக்கும். கூட்டத்தில் தெரிந்த முகம் இருந்தால், அவரும் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை, நீங்கள் வழக்கமாக முதல் கிளாஸை எடுக்கும் நேரத்தில் நடக்கும் கூட்டம் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய மிகக் கடினமான ஒரு மணி நேரம் அங்கேயே கழிந்துவிடும்.

அந்த நாள்

பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். தாமதமாகப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற நினைப்பே நம்மைத் திருப்பி அனுப்பிவிடும். வாசலில் நிற்பவரிடம் "இன்றுதான் முதல் தடவை" என்று மட்டும் சொல்லுங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

அன்று குடித்திருந்தால் போகலாமா? ஏ.ஏ.வில் விருப்பம்தான் தகுதி, அன்றைய நிதானம் அல்ல. அமைதியாக உட்கார்ந்து கேட்க முடியுமானால் பொதுவாக யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். பேச வேண்டாம், கேளுங்கள். வண்டியை மட்டும் நீங்கள் ஓட்டிப் போகாதீர்கள். வேறு அமைப்புகளில் விதி மாறலாம், தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள்.

கூட்டம் ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை மணி. தொடக்கத்தில் ஒருவர் சில பத்திகளை வாசிப்பார். புதியவர் யாராவது உண்டா என்று கேட்கலாம். கை தூக்கினால் கைதட்டுவார்கள், தூக்காவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தன் பெயரை, அதுவும் பெரும்பாலும் முதல் பெயரை மட்டும், சொல்லிவிட்டுப் பேசுவார்கள். இதைத்தான் ஷேரிங் என்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதோ அறிவுரை சொல்வதோ வழக்கமில்லை. உங்கள் முறை வந்தால் "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லுங்கள், அடுத்தவரிடம் போய்விடும். "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லியே ஆகவேண்டுமா? கட்டாயமில்லை. எனக்கு அந்தச் சொல் வாயில் வர ஏழெட்டுக் கூட்டம் ஆனது.

நடுவில் ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும். அறை வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்களே பணம் போடுவார்கள். வெளியார் நன்கொடையை ஏ.ஏ. ஏற்பதில்லை. புதியவர் எதுவும் போட வேண்டாம், அடுத்தவரிடம் தள்ளிவிடுங்கள். முடிவில் எழுந்து நின்று ஒரு சிறு பிரார்த்தனை சொல்லலாம். விருப்பமில்லையென்றால் சும்மா நில்லுங்கள்.

முடிந்ததும் ஓடிவிடத் தோன்றும். பத்து நிமிடம் நில்லுங்கள். உண்மையான பேச்சு அப்போதுதான் நடக்கும், எண்களும் அப்போதுதான் கிடைக்கும். இரண்டு மூன்று பேரின் எண்ணையாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்கள் ஆண்களிடமும் பெண்கள் பெண்களிடமும் வாங்குவது வழக்கம், நல்ல வழக்கம். அன்று இரவே அதில் ஒருவருக்கு "வீட்டுக்கு வந்துவிட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். பின்னால் தூண்டுதல் வரும் நேரத்தில் முதன்முறையாகப் பேசுவது மிகக் கடினம். அதற்கு முன்பே ஒருமுறை பேசியிருந்தால் விரல் தானாகப் போகும்.

பிடிக்கவில்லை என்றால்

ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் எடைபோடாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்றில் சிரிப்பாக இருக்கும், இன்னொன்றில் எல்லோரும் பெரியவர்கள், இன்னொன்றில் ஒருவரே அரை மணி நேரம் பேசுவார். ஆறு கூட்டமாவது, குறைந்தது இரண்டு வேறு இடங்களில் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் வேறு அமைப்பைப் பாருங்கள். தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று ஏ.ஏ.வில் சொல்வார்கள். அது விதி இல்லை, பழைய உறுப்பினர்களின் யோசனை. முடிந்தவர்கள் செய்யலாம்.

ஸ்பான்சர் என்ற சொல்லும் காதில் விழும். படிகளைக் கடக்கக் கூட இருந்து உதவும் மூத்த உறுப்பினர் அவர். முதல் நாளே தேட வேண்டாம். யாருடைய பேச்சைக் கேட்டால் உங்களுக்கு மனம் அமைதியாகிறதோ அவரைச் சில வாரம் கவனித்துவிட்டுக் கேளுங்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று சொல்பவரிடமிருந்து விலகுங்கள். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற குடிநோய் மருந்துகளோ மனச்சோர்வு மருந்தோ எடுத்துக்கொண்டே கூட்டத்துக்குப் போகலாம். உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக்கூடாது என்பது ஏ.ஏ.வே சொல்லும் விஷயம். கடன் கேட்பவர், புதிதாக வந்தவரிடம் காதல் பேச்சைத் தொடங்குபவர், தான்தான் குரு என்பது போல நடப்பவர், இவர்களும் எங்கும் இருப்பார்கள். வேலை செய்யும் இடம், வீட்டு முகவரி, வங்கி விவரம் எதையும் யாருக்கும் தர வேண்டியதில்லை. இன்னொன்று, பெயர் வெளியே போகக்கூடாது என்பது எல்லோரும் காக்கும் வழக்கம்தான், ஆனால் சட்டப்படியான பாதுகாப்பு அதற்கு இல்லை. வழக்கில் சிக்க வைக்கக்கூடிய விஷயம் மனதில் இருந்தால் அதைக் கூட்டத்தில் கொட்டாமல் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

பக்கத்தில் கூட்டமே இல்லாதவர்களுக்கு

இணையவழிக் கூட்டங்கள் ஏறக்குறைய எந்த நேரத்திலும் உலகில் எங்காவது நடந்துகொண்டிருக்கும். முகத்தைக் காட்டாமல், பெயரை மாற்றி வைத்துக்கொண்டு கேட்கலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் காதுக்கருவி போட்டுக்கொள்ளுங்கள், மற்றவர் கதை வெளியே கேட்கக்கூடாது. நேரில் போகும் கூட்டத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. இது மட்டும்தான் வழி என்றால், கூட்டம் முடிந்த பிறகு இருந்து ஒருவரோடாவது தனியாகப் பேசுங்கள். திரையை அணைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தால் தொலைக்காட்சி பார்த்த மாதிரிதான் ஆகும்.

அப்புறம், ஏ.ஏ.வின் மரபுப்படி குடியை விட்டிருக்க விரும்பும் இரண்டு மூன்று பேர் அதற்காகக் கூடினாலே தங்களைக் குழு என்று சொல்லிக்கொள்ளலாம். 1935-இல் அவர்கள் இரண்டே பேர்தான். உங்கள் ஊரில் இன்னொருவர் கிடைத்தால் நாட்டின் சேவை அலுவலகத்துக்கு எழுதுங்கள், தொடங்க என்ன வேண்டும் என்று சொல்வார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

இதைப் படிப்பவர் குடிக்கிறவரின் மனைவியாகவோ அம்மாவாகவோ மகனாகவோ இருந்தால், அவரைக் கூட்டத்துக்கு இழுத்துப்போகப் போராடுவதற்கு முன் உங்களுக்கான கூட்டத்தைத் தேடுங்கள். அல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் குடும்பத்தினருக்காக இருக்கிறது. பதின்வயதினருக்கு அதிலேயே அலட்டீன் என்ற பிரிவு உண்டு. அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் போகலாம். அவருக்குச் சொல்ல நினைத்தால், குடித்திருக்கும்போது சொல்லாதீர்கள். காலையில், ஒரே ஒரு முறை, கூட்டத்தின் நேரத்தையும் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு விடுங்கள். வீட்டில் அடி உதை இருந்தால் முதல் வேலை பாதுகாப்பான இடம், கூட்டம் பிறகு.

மறுபடி குடித்துவிட்டால்

பலருக்கு நடக்கும், எனக்கும் நடந்தது. பதினோராவது வாரம். அதன் பிறகு இரண்டு வாரம் நான் போகவில்லை, முகத்தை எப்படிக் காட்டுவது என்று. அந்த இரண்டு வாரமும் குடித்தேன். மறுநாளே போயிருந்தால் அது ஒரு நாளோடு முடிந்திருக்கலாம். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், தெரிந்துகொண்டவை எங்கும் போய்விடாது. நீண்ட நாள் நிறையக் குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் மேலே சொன்ன மருத்துவர் விஷயத்தை மறக்காதீர்கள்.

போய் என்ன சொல்வது? "குடித்துவிட்டேன், திரும்பி வந்திருக்கிறேன்" என்று நான் சொன்னேன். நீலப் பைக்காரர் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.